பன்னிரண்டு டிஸ்க்: மொத்தமாகக் கொடுப்பதா, உதிரியாக விற்பதா?

புதுச்சேரியிலோ கடலூரிலோ கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பும் பிள்ளை உள்ள வீடுகளில், தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) வீடியோ கேம் கன்சோலும் அதன் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கேம் டிஸ்க்குகளும் தூசி படிந்து கிடப்பது இப்போது அரிய காட்சி அல்ல. அவற்றை விற்றுவிடலாம் என்று முடிவெடுப்பது எளிது. எப்படி விற்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை சொல்லி ஒருவரிடம் கொடுத்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி விலை வைத்து உதிரியாக விற்கலாம். இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சிறு தொகுப்புகளாகப் பிரிக்கலாம். இந்த அலைச்சலே வேண்டாமென்று கடையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டுவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லா கேமும் அடங்கிய மொத்தத் தொகுப்புக்கு முழு மதிப்புக் கொடுக்கக்கூடியவர், கையில் ஒரு கேம்கூட இல்லாத புதியவர் மட்டுமே. மற்ற எவரிடம் அதை நீட்டினாலும் விற்பவருக்கு நட்டம்தான். ஏன் என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

தொகுப்பாகக் கொடுத்தால் லாபம் என்ற நம்பிக்கை காரணமில்லாமல் பிறந்ததல்ல. 2007 அக்டோபரில் கேம் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் ஹாஃப்-லைஃப் 2, அதன் தொடர்ச்சியான இரண்டு அத்தியாயங்கள், போர்ட்டல், டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆகிய ஐந்தையும் ‘ஆரஞ்ச் பாக்ஸ்’ என்ற ஒரே பெட்டியில் வைத்து விற்றது. 2010 மே மாதத்தில் வந்த முதல் ஹம்பிள் இண்டி பண்டில், வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா போன்ற சிறு குழுக்களின் கேம்களை ஒன்றாகக் கட்டி, விலையை வாங்குபவரின் விருப்பத்துக்கே விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. இந்த வியாபார முறைக்கான பொருளியல் விளக்கம் இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியது: தொலைக்காட்சி நிலையங்களுக்குத் திரைப்படங்களைக் கட்டுக்கட்டாக விற்ற அமெரிக்க வழக்கத்தை ஆராய்ந்த ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963-இலேயே அதை எழுதிவிட்டார். ஆளுக்கு ஆள் விருப்பம் மாறுபடும் இடத்தில், தனித்தனியாக விலை வைப்பதைவிடச் சேர்த்து விலை வைப்பது விற்பவருக்கு அதிகம் தரும் என்பதே அவர் காட்டிய கணக்கு.

அந்தக் கணக்கை நம் ஊர் அளவில் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் கால்பந்து கேமுக்கு 700 ரூபாயும் கதை சார்ந்த சாகச கேமுக்கு 300 ரூபாயும் கொடுக்கத் தயார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவருக்கு இது தலைகீழ், சாகசத்துக்கு 700, கால்பந்துக்கு 300. கேமை உருவாக்கிய நிறுவனம் ஒவ்வொன்றையும் 700 ரூபாய்க்கு விற்றால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், வரவு 1,400. விலையை 300-ஆகக் குறைத்தால் இருவரும் இரண்டையும் வாங்குவார்கள், ஆனால் வரவு 1,200 மட்டுமே. இரண்டையும் சேர்த்து 1,000 ரூபாய் என்றால் இருவருமே தயங்காமல் வாங்குவார்கள், வரவு 2,000. தொகுப்பின் மாயம் இதுதான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஆனால் இதே எண்களை, வீட்டிலிருக்கும் பழைய டிஸ்க்குகளை விற்பவரின் நிலையிலிருந்து பாருங்கள். அவரிடம் ஒவ்வொரு கேமுக்கும் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. தனித்தனியாக விற்றால் கால்பந்து முதலாமவருக்கு 700, சாகசம் இரண்டாமவருக்கு 700, ஆக 1,400. சேர்த்து விற்றால் ஒருவருக்குத்தான் விற்க முடியும், வரவு 1,000. நிறுவனத்துக்கு 600 ரூபாய் லாபமாக இருந்த அதே உத்தி, தனி மனிதருக்கு 400 ரூபாய் நட்டமாகத் திரும்பிவிடுகிறது. நகல் எடுக்கச் செலவில்லாத பொருளை எத்தனை பேருக்கும் விற்கக்கூடியவருக்கான வழி அது; ஒற்றைப் பிரதிக்காரர் அதை அப்படியே கைக்கொள்வது, ஒவ்வொரு கேமுக்கும் அதிக விலை தரக்கூடிய ஆளைத் தானே வாசலில் நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் நடுத்தரமாகத் தருகிறவரை உள்ளே அழைப்பதற்குச் சமம்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கைந்து வருடமாக பிஎஸ்4 வைத்திருப்பவரிடம் பிரபலமான கேம்கள் ஏற்கெனவே இருக்கும். சோனி நிறுவனம் இந்தியாவில் பிஎஸ்4-ஐ மூன்று கேம்களோடு ஒரே பெட்டியாக விற்றுவந்த காலத்தில், காட் ஆஃப் வார், ஹொரைசன் ஸீரோ டான் போன்றவை கன்சோலோடு சேர்ந்தே வீடு வந்தன. தனியாக விரும்பி வாங்காதவரிடமும் அவை இருக்கின்றன. ஆகவே பன்னிரண்டு கேம் கொண்ட தொகுப்பைப் பார்க்கும் அனுபவசாலி முதலில் செய்வது, தன்னிடம் உள்ளவற்றை மனத்துக்குள் அடித்துவிடுவதுதான். மீதமுள்ளவற்றுக்கு மட்டுமே அவர் விலை போடுவார். மற்றவை அவருக்குக் கொசுறு. இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் கடையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒரு தொகுப்பில் சில கேம்கள் உங்கள் கணக்கில் ஏற்கெனவே இருந்தால், அவற்றின் விலையைக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் தள்ளுபடியோடு வாங்கித் தொகுப்பை முழுமையாக்கலாம். பிளாஸ்டிக் பெட்டியில் டிஸ்க்கை வைத்து விற்பவருக்கும் அதைப் போன்ற ஏற்பாடு ஒன்று கைகூடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் உதிரியாகவே விற்றுவிடலாமே என்றால், அங்கே தூரமும் நேரமும் குறுக்கே வருகின்றன. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஒருவர் லாஸ்பேட்டையில் இருக்கும் ஒருவருக்கு 1,200 ரூபாய் கேமை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதில் பொருள் உண்டு. 200 ரூபாய் டிஸ்க்குக்காகப் பேருந்து ஏறுவதில் இல்லை. விரைவு அஞ்சலில் அனுப்பலாம் என்றால், 500 கிராம் வரை எடைக்கேற்பச் சில படிகளும் அதற்கு மேல் ஒவ்வொரு 500 கிராமுக்கும் ஒரு படியுமாகக் கட்டணம் ஏறுகிறது. உறையோடு ஒரு டிஸ்க் 100 கிராமுக்கு அருகில் நிற்பதால், அட்டைப் பெட்டி, பஞ்சுறை எல்லாம் சேர்த்தும் மூன்று நான்கு டிஸ்க்குகள் 500 கிராமுக்குள் அடங்கிவிடும். ஒன்றை அனுப்புவதற்கும் மூன்றை அனுப்புவதற்கும் இடையிலான செலவு வேறுபாடு அவற்றின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. விலை குறைந்த கேம்களுக்குத் தொகுப்பு தவிர்க்க முடியாததாவது இந்தக் காரணத்தால்தான். லாபத்துக்காக அல்ல, கூலி கட்டுப்படியாவதற்காக.

மொத்தத் தொகுப்புக்கு வாங்குபவர் குறைத்தே கேட்பதற்கு இன்னொரு நியாயமான காரணமும் இருக்கிறது. பிஎஸ்4 கேம் எதுவும் டிஸ்க்கைப் போட்டவுடன் நேரடியாக ஓடிவிடுவதில்லை. முதலில் கன்சோலின் நினைவகத்தில் நிறுவ வேண்டும், பிறகும் ஆடும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்ற கேம் நினைவகத்தில் ஏறத்தாழ 100 ஜிபி இடம் பிடிப்பதால், அது முழுமையாக நிறுவப்படுகிறதா என்று சோதிக்கவே வெகுநேரம் பிடிக்கும். ஒன்றிரண்டு டிஸ்க்கை விற்பவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். பன்னிரண்டை ஒரே மாலையில் யாரும் சோதிக்க முடியாது. சோதிக்காமல் வாங்குகிறவர், இரண்டு டிஸ்க்காவது பழுதாக இருக்கும் என்று எண்ணித்தான் விலை சொல்வார். பேராசை என்று அதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு டிஸ்க்கின் அடிப்பக்கத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புவதும், ஓடாத டிஸ்க்கை மூன்று நாளுக்குள் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொள்வதும் அந்தக் கழிவைக் கணிசமாகக் குறைக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், அதற்கு முன் டிஸ்க்குகளைத் தரம் பிரிப்பது அவசியம். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தொகுப்பின் பெயரைக் கெடுப்பவை பெரும்பாலும் விற்கவே கூடாத பொருள்கள். தி க்ரூ என்ற 2014-ஆம் வருடத்துக் கார்ப் பந்தய கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டுவிட்டன. முழுக்க இணையத்தை நம்பியிருந்த கேம் என்பதால், டிஸ்க் பளபளவென்று இருந்தாலும் இனி அதை ஆட முடியாது. அதை எண்ணிக்கைக்காகத் தொகுப்பில் சேர்ப்பது மோசடி. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் நிலை அவ்வளவு மோசமில்லை. அதன் இணையச் சேவை 2024 ஜனவரி 31-ஓடு முடிந்தாலும் தனியாக ஆடும் பகுதிகள் இருக்கின்றன. அதை விற்கலாம், ஆனால் பிறரோடு இணையத்தில் பந்தயம் விட முடியாது என்பதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வருடந்தோறும் புதுப்பிக்கப்படும் விளையாட்டு கேம்கள் வேறு வகை. ஃபிஃபா வரிசை 2022 செப்டம்பரில் வந்த ஃபிஃபா 23-ஓடு முடிந்து, அடுத்த வருடம் முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் தொடர்கிறது. கிரிக்கெட் 19, கிரிக்கெட் 22, கிரிக்கெட் 24 என்று பிக் ஆன்ட் நிறுவனமும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டிருக்கிறது. அடுத்தது வந்தவுடன் முந்தையதன் அணிப்பட்டியல் பழசாகி, விலை சரிந்துவிடும். ஒரே தொகுப்பில் ஃபிஃபா 19, 20, 21 மூன்றையும் வைத்து ‘மூன்று கேம்’ என்று எண்ணிச் சொல்லும் விற்பனையாளரைப் பார்த்தால் வாங்குபவர் மீதமுள்ளவற்றையும் நம்ப மாட்டார். கடைசியாக உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டைத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்துவிடுவது மரியாதை.

டிஸ்க் அல்லாதவற்றை அறவே ஒதுக்கிவிட வேண்டும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய டிஜிட்டல் கேம்கள் வாங்கியவரின் கணக்கோடு கட்டப்பட்டவை. கணக்கையே சேர்த்து விற்பதை நிறுவனத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை, அதோடு விற்றவர் பிறகு கடவுச்சொல்லை மீட்டுக்கொள்ள முடியும் என்பதால் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கணினிக்கான பழைய கேம் பெட்டிகளும் அப்படித்தான். 2004-இல் ஹாஃப்-லைஃப் 2 ஸ்டீம் கணக்கில் பதிந்த பிறகே ஆட முடியும் என்று வந்ததிலிருந்து, பல கணினி கேம்களின் பெட்டியில் இருப்பது ஒருமுறை பயன்படும் எண் மட்டுமே. பயன்படுத்திய பின் அந்தப் பெட்டி வெறும் அட்டை. கன்சோல் டிஸ்க்குகளுக்கும் ஏறத்தாழ இந்தக் கதி வந்திருக்கும். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தபோது மைக்ரோசாஃப்ட் பழைய டிஸ்க்குகளைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கப் பார்த்து, பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அதே வருடம் ஜூன் மாதத்தில் பின்வாங்கியது. இன்றைக்கு இந்தக் கேள்வியை எழுப்பி எழுத முடிவதே அந்தப் பின்வாங்கலின் பயன்.

டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கும்போது ஒரு தொழில்நுட்ப வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து டிவிடிகளில் தகவல் பதிந்த அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. மேலோட்டமான கீறலைத் தேய்த்து மெருகேற்றினால் பல நேரம் டிஸ்க் பிழைத்துவிடும். பிஎஸ்3 முதல் பயன்படும் புளூ-ரேயில் அந்த அடுக்கு 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அதற்காகவே கடினமான பூச்சு ஒன்று இடப்பட்டிருப்பதால் அது எளிதில் கீறுவதில்லை. ஆனால் ஆழமாகக் கீறிவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய இடமில்லை. எனவே ‘சின்ன ஸ்கிராட்ச், பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்’ என்று பிஎஸ்4 டிஸ்க்கைத் தொகுப்பில் நுழைப்பது சரியல்ல. இரண்டு டிஸ்க்கில் வந்த கேம்களையும் திறந்து பார்க்க வேண்டும்: ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2 ஆகியவற்றின் பிஎஸ்4 பதிப்பில் நிறுவுவதற்கு ஒரு டிஸ்க், ஆடுவதற்கு ஒரு டிஸ்க். ஒன்று தொலைந்திருந்தால் அந்த கேமை விற்க இயலாது. கடலோர ஊரின் ஈரக்காற்றில் பெட்டிக்குள் இருக்கும் அச்சுத்தாள் நெளிந்தும் புள்ளி விழுந்தும் போயிருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பகுதிகளில் இருந்தவர்கள் என்றால், உறையை மட்டுமல்ல, டிஸ்க்கின் விளிம்பையும் பார்த்துவிடுவது நல்லது.

புதுச்சேரிக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். விடுமுறைக்கு வருகிறவர்கள் கொண்டுவந்த டிஸ்க்குகளில் அட்டை முழுக்கப் பிரெஞ்சில் இருக்கும். பிஎஸ்4 கேம்களுக்குப் பொதுவாக வட்டாரத் தடை இல்லையென்பதால் அவை இங்கே ஓடும். ஆனால் உள்ளே ஆங்கிலம் இருக்கிறதா என்பதைப் பெட்டியின் பின்புறத்தில் உள்ள மொழிப் பட்டியலைப் பார்த்தும் ஓட்டிப் பார்த்தும் உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த டிஸ்க் என்றால் இன்னொரு கவனம்: பிறகு இணையத்தில் வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கின் வட்டாரத்தோடு பொருந்த வேண்டும், இந்தியக் கணக்கில் வாங்கியது அதோடு சேராமல் போகலாம். இத்தகைய டிஸ்க்குகளை மற்றவற்றோடு கலந்து மறைக்காமல், விவரத்தைச் சொல்லித் தனியாக விற்பதே முறை. பிரெஞ்சு படிக்கும் மாணவர்களும் லிசே பிரான்சேவில் படிக்கும் பிள்ளைகளும் உள்ள ஊரில் அதற்கென்றே ஆள் கிடைக்கக்கூடும்.

இனி ஒரு மாதிரிக் கணக்கு. இதில் உள்ள விலைகள் ஒப்பிடுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அன்றைய சந்தைக்கேற்ப மாறும். பன்னிரண்டில் நான்கு கேம்கள் வலுவானவை, பேரம் போக ஒவ்வொன்றும் 1,100 பெறும். மூன்று நடுத்தரம், ஒவ்வொன்றும் 500 பெறும். ஐந்து நலிந்தவை, விற்றால் 150 பெறும். எல்லாவற்றையும் உதிரியாக விற்கப் புறப்பட்டால் வலுவானவற்றில் 4,400, நடுத்தரத்தில் 1,500, நலிந்தவற்றில் இரண்டு விற்று 300, ஆக 6,200 வரும். ஒன்பது பேரைச் சந்திக்க வேண்டும், மூன்று டிஸ்க் வீட்டிலேயே தங்கிவிடும். மொத்தமாக ஒரு பழைய ஆட்டக்காரரிடம் கொடுத்தால், வலுவான நான்கில் இரண்டு அவரிடம் ஏற்கெனவே இருக்கும். மீதி இரண்டுக்கு 2,200, நடுத்தரத்தில் இரண்டுக்கு 1,000 என்று 3,200-இல் வந்து நிற்பார். கடையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போட்டால், கடைக்காரர் தன் லாபத்துக்கு இடம் விட்டு வலுவானதற்கு 600, நடுத்தரத்துக்கு 250 என்று 3,150 தரக்கூடும். நலிந்தவற்றைத் தொடவே மாட்டார்.

இந்த இரண்டு எண்களும் அருகருகே வந்திருப்பதை வைத்து நான் சொல்வது இது: தனக்குத் தெரியாத பழைய ஆட்டக்காரரிடம் அடிமாட்டு விலைக்கு மொத்தமாகக் கொடுப்பதைவிடக் கடை மேல். அங்கே டிஸ்க்கை உடனே சோதித்து, கணக்கை அப்போதே முடித்து அனுப்பிவிடுவார்கள். நாளை யாரும் தொலைபேசியில் கூப்பிட்டு ஓடவில்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் பல கடைகள் பணத்துக்குப் பதிலாக அடுத்த கேம் வாங்கும்போது கழித்துக்கொள்ளும் தொகையாகத்தான் தருகின்றன. ஊரை விட்டுக் கிளம்புபவருக்கு அது உதவாது. பணமாகத் தருவார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி விரித்துப் பரப்பலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். துணிமணியும் வீட்டுச் சாமானும் தேடி வருகிற கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட கேமைத் தேடுபவர் வந்து சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மிஞ்சுவது கலப்பு வழி. வலுவான நான்கையும் உதிரியாக விற்பது, 4,400. நடுத்தரமான மூன்றை ஒரு சிறு தொகுப்பாக 1,300-க்குக் கொடுப்பது. நலிந்த ஐந்தையும் கன்சோலோடு சேர்த்து, அதன் விலையில் 500 கூட்டுவது. மொத்தம் அதே 6,200 வருகிறது. சந்திப்புகள் ஆறுதான், அவற்றில் ஒன்று கன்சோலுக்காக எப்படியும் நடக்க வேண்டியது, வீட்டில் ஒன்றும் தங்குவதில்லை. என் பரிந்துரை இதுவே.

இதற்கு நேர்மாறான அறிவுரைதான் எங்கும் கிடைக்கிறது: ஒரு நல்ல கேமை முன்னால் வைத்து, அதன் முதுகில் ஐந்து நலிந்த கேம்களை ஏற்றி அனுப்பிவிடு என்கிறார்கள். அப்படி விளம்பரம் போட்டவருக்கு அரை மணி நேரத்தில் வரும் முதல் செய்தி, ‘அண்ணா, ரெட் டெட் மட்டும் தனியா தருவீங்களா?’ என்பதாகத்தான் இருக்கும். ‘இல்லை தம்பி, செட்டாத்தான் கொடுக்கிறேன்’ என்றால், ‘மத்ததெல்லாம் எங்கிட்ட இருக்குண்ணா, ரெட் டெட்டோட விலைக்கே செட்டை எடுத்துக்கிறேன்’ என்று பதில் வரும். நல்ல கேம் நலிந்தவற்றின் விலையை உயர்த்தியதாகத் தோன்றினாலும், உண்மையில் நலிந்தவை நல்லதன் விலையைக் கீழே இழுத்திருக்கின்றன. அதை மட்டும் கேட்ட நான்கு பேருக்கும் பிரித்துத் தர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிய பிறகு, கடைசியில் பிரித்தே கொடுக்க நேர்ந்தால் அவர்களில் யாரும் மீண்டும் வரமாட்டார்கள்.

நடுத்தரத் தொகுப்பை அமைக்கும்போதுதான், முன்பு சொன்ன ஏற்பாடு கைகொடுக்கும். குறிப்பிட்ட மூன்றை ஒன்றாகக் கட்டாமல், நடுத்தரமும் நலிந்ததுமான எட்டையும் பட்டியலிட்டு, ‘இவற்றில் எந்த மூன்றை எடுத்தாலும் இன்ன விலை’ என்று சொன்னால், வாங்குபவர் தன்னிடம் உள்ளதைத் தவிர்த்துத் தேர்ந்துகொள்வார். வலுவான நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கவே கூடாது. இருந்தால் அவற்றைத்தான் முதலில் அள்ளுவார்கள். எட்டிலும் நடுத்தரமான மூன்றும் ஒருவரிடமே போய்விடக்கூடும் என்பதால், விலையை அந்த நிலைமைக்கும் தாங்கும்படி, நம் கணக்கில் 1,300 என்றே வைக்க வேண்டும். ஒரே வகையான கேம்களைச் சேர்ப்பதா, வகைவகையாகக் கலப்பதா என்று கேட்டால், ஒரே வகையைச் சேர்ப்பதே நல்லது என்பேன்: சண்டை கேம் பிடித்தவர் மூன்று சண்டை கேம்களுக்கு மனமுவந்து கொடுப்பார், கலந்து கொடுத்தால் ஒன்றுக்குத்தான் கொடுப்பார்.

விலை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் பிளேஸ்டேஷன் ஸ்டோர். அங்கே தள்ளுபடிக் காலத்தில் ஒரு கேமின் டிஜிட்டல் பதிப்பு என்ன விலைக்கு வருகிறதோ, பழைய டிஸ்க்குக்கு அதைவிட அதிகம் யாரும் தரமாட்டார்கள். 2022-இல் மாற்றியமைக்கப்பட்ட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் உயர்நிலைத் திட்டங்களில் ஏராளமான பிஎஸ்4 கேம்கள் அடங்கியிருப்பதால், அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் தேவை குறைவு. நிறுவனங்களே வெளியிட்ட தொகுப்புகளும் உதிரி விலையை இறக்கிவிடும். 2015-இல் அன்சார்ட்டட் வரிசையின் முதல் மூன்று கதைகளும் ஒரே பிஎஸ்4 டிஸ்க்கில் வந்த பிறகு, அவற்றின் தனித்தனி பிஎஸ்3 டிஸ்க்குகளுக்குப் பெரிய மதிப்பு இருக்க இயலாது.

கன்சோலோடு சேரும் தொகுப்பு யாருக்கானது என்பதையும் தெளிவாக எண்ணிக்கொள்ள வேண்டும். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு, பிள்ளைக்கு முதன்முதலாக ஒரு கேம் மெஷின் வாங்கித் தர நினைக்கும் பெற்றோர்தான் அதன் இயல்பான வாடிக்கையாளர்கள். ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும் அவர்கள் தேடும் காலம், அதற்கடுத்து தீபாவளியும் பொங்கலும். அவர்களிடம் எந்த கேமும் இல்லாததால் எதையும் அடித்துக் கழிப்பதில்லை. பழைய கிரிக்கெட் கேமும் பழைய கார்ப் பந்தயமும் அவர்களுக்குப் புதியவையே. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்குபவரிடம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான வன்முறை கேமைச் சேர்த்துத் தள்ளாமல், அந்தப் பிள்ளை ஆடக்கூடியவற்றை மட்டும் வைப்பது விற்பவரின் பொறுப்பு. பிஎஸ்5 வைத்திருப்பவருக்கு டிஸ்க்குகளை மட்டும் விற்பதென்றால், அவருடையது டிஸ்க் செருகும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். உள்ளதென்றால் பெரும்பாலான பிஎஸ்4 டிஸ்க்குகளும் அதில் ஓடும், டிஸ்க் டிரைவ் தனியாகப் பொருத்தாத டிஜிட்டல் எடிஷன் என்றால் எதுவும் ஓடாது.

கிளம்பும் தேதி நெருங்கிவிட்டது, பத்து நாள்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்னதெல்லாம் சுருங்கிவிடும். அப்போது வலுவான நான்கை மட்டும் உதிரியாக அறிவித்து, மற்ற எட்டையும் கன்சோலோடு கொடுத்துவிடுவதே போதும். நடுத்தரத் தொகுப்பில் இழக்கும் சில நூறு ரூபாயை அந்த அவசரத்துக்கான கூலியாக எண்ணிக்கொள்ளலாம். அந்த நான்கிலும் கடைசி இரண்டு நாளில் விற்காமல் நிற்பவற்றைக் கடைக்குக் கொண்டுபோகலாம், அல்லது புது ஊருக்கே எடுத்துச் சென்று அங்கே விற்கலாம். ஒரு பையின் பக்கவாட்டில் அடங்குகிற பொருள்தானே.

கைமாற்றும்போது பணம் யுபிஐயில் வந்தால், உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகே டிஸ்க்கைக் கொடுங்கள். பணம் பெறுவதற்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவோ பின் எண்ணைப் போடவோ தேவையே இல்லை. போடச் சொல்கிறவர் உங்களிடமிருந்து பணம் எடுக்கப் பார்க்கிறார். கன்சோலும் சேர்ந்து போகிறதென்றால், சேமித்த ஆட்டங்களை ஒரு பென் டிரைவில் பிரதியெடுத்துக்கொண்டு, கணக்கு அமைப்புகளில் ‘முதன்மை பிஎஸ்4’ என்ற பதிவை நீக்கிவிட்டு, அதன் பிறகு முழுவதையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் அழித்த பிறகு சேமிப்பை மீட்க வழியில்லை. உள்ளே டிஸ்க் ஒன்று மாட்டியிருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை வெளியேற்றும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உதிரியாக விற்ற கேமின் காலிப் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, டிஸ்க்கை வேறொருவருக்குக் கன்சோலோடு கொடுத்துவிடுவது இந்த விற்பனையில் எளிதாக நேரக்கூடியது.